வழிமொழிய ஆளில்லாத வலி

நண்டுப்பிட்டி மக்கள் ஒன்றியம் – கனடா என்ற அமைப்புக்கு அசையாச் சொத்து என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது செல்வரட்ணம்.

காணி கிடையாது, கட்டடம் கிடையாது. கூட்டம் போடுவதென்றால்கூட ரெக்ஸ்டேலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளின் மேல் குந்தியிருந்துதான் போடவேண்டும். ஆனால் செல்வரட்ணம் இருந்தார். நூற்றுப் பதினெட்டுக் கிலோ. கயிறிழுக்கும்போது கடைசி ஆளாக, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு காலை ஊன்றினாரென்றால் அவரை அசைக்க எட்டுப் பேர் வேண்டும். அந்த எட்டுப் பேரும் யூனியன்வில் பக்கம் இருந்தார்கள். அவர்களுடைய அமைப்பின் பெயர் நண்டுப்பிட்டி மக்கள் ஒன்றியம் – கனடா (உண்மையானது).

ஒரு சின்ன மீன்பிடிக் கிராமத்துக்கு எதற்கு இரண்டு ஒன்றியம் என்று கேட்கிறவர்கள் எங்கள் ஆட்களை அறியாதவர்கள். கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் முதல் மெழுகுதிரியைக் கொளுத்துவது யார் என்று பிரச்சினை வந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கொளுத்தப் போனார்கள். ஒருவருடைய மீசை பற்றியது, மற்றவருடைய மனைவியின் சேலைத் தலைப்புப் பற்றியது. குடிலில் நின்ற ஆட்டிடையர் சிலையால் பொருளாளரின் மண்டை பிளந்தது. சமாதானத்தைப் பற்றிய பாட்டு மட்டும் ஒலிபெருக்கியில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடியும் ஊர்க்காரன்தான்.

அன்றிலிருந்து வருடா வருடம் கோடைகால ஒன்றுகூடலில் இரண்டு ஒன்றியமும் கயிறிழுக்கும். வென்ற பக்கம்தான் அந்த வருடத்துக்கு நண்டுப்பிட்டி. தோற்ற பக்கம் ஊரில்லாத ஆட்கள். போன வருடம் வென்றது செல்வரட்ணத்தின் பக்கம். அந்த வெற்றியில் இரண்டு தோள்மூட்டு இடம்மாறியது, ஒருவருடைய காதில் பாதி புல்லுக்குள் தேடியும் கிடைக்கவில்லை. குடும்பங்கள் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்ட இனிய நிகழ்வு என்று ஆண்டறிக்கையில் இருக்கிறது.

செல்வரட்ணம் இதையெல்லாம் விரும்பிச் செய்தாரா என்றால், ஓமென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். வெயர்ஹவுசில் அவரை 'செல்' என்று கூப்பிடுவார்கள். வங்கியில் 'ரட்' என்று கூப்பிடுவார்கள். ரொறொன்ரோவில் அவருடைய பெயரை முழுதாக, மைக்கில், 'எங்கள் இரும்புத் தூண் செல்வரட்ணம்' என்று சொல்லுகிற ஒரே இடம் அந்த ஒன்றுகூடல்தான். பாவி மனிதன், அதற்காகவே இடுப்பைக் கொடுத்தார்.

இந்த வருடப் பயிற்சியைத் தலைவர் மாக்கஸ் தானே முன்னின்று நடத்தினார். மாக்கஸ் வீடு விற்கிற முகவர். வேர்த்து வழிந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார். அவருடைய பயிற்சி முறை சுலபமானது: கயிற்றின் ஒரு நுனியில் செல்வரட்ணம், மறு நுனியில் மாக்கஸின் வான். மாக்கஸ் வானை ஓட்டுவார், செல்வரட்ணம் விடக்கூடாது. நாலைந்து சனிக்கிழமை செல்வரட்ணம் வென்றார். பிறகு ஒரு சனிக்கிழமை வான் வென்றது. கார் தரிப்பிடத்தில் அவரை முழங்காலால் உழுதுகொண்டு அது வெளி வாசல்வரை போய்த்தான் நின்றது.

அடுத்த கூட்டத்தில் செல்வரட்ணம் அரிசி மூட்டையில் இருக்கமுடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.

"மாக்கஸ் அண்ணை, எனக்கு நாரி நோகுது. முழங்காலும் நோகுது."

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று மேசையில் அடித்தார் தலைவர். "செல்வரட்ணம், நினைச்ச நேரம் நினைச்ச மாதிரி நோகுதெண்டு சொல்லேலாது. இது பதிவு செய்யப்பட்ட அமைப்பு. எதெண்டாலும் முறைப்படி முன்மொழிய வேணும்."

செல்வரட்ணத்துக்கு இது நியாயமாகத்தான் பட்டது. தொண்டையைச் செருமினார். "எனக்கு நாரி நோகுதெண்டு முன்மொழியிறன்."

"வழிமொழியிறது ஆர்?"

அமைப்பின் சட்டவிதியான யாப்பின்படி ஒரு பிரேரணையை வழிமொழிகிறவரும் அதற்குக் கூட்டுப் பொறுப்பாளி. இந்த வலியை வழிமொழிந்தால் கயிற்றின் கடைசியில் தான் நிற்கவேண்டி வருமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். சிலர் முகட்டைப் பார்த்தார்கள். செயலாளர் மிளகாய்த்தூள் பைக்கற்றில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினார்.

கணவனைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற வேரோனிக்காதான் வாய் திறந்தாள். "நான் சொல்லுறன். ராத்திரி முழுக்க இந்த மனுசன் படுக்கேலாமல் முனகினது. கண்ணால கண்டனான்."

"தங்கச்சி, நீங்கள் மன்னார்ப் பக்கம்," என்றார் தலைவர், மிகவும் அன்பாக. "கலியாணம் கட்டி வந்தாக்களுக்கு வாக்கில்லை. கறி சமைக்கிறதுக்கு மட்டும்தான் யாப்பில இடமிருக்கு."

வழிமொழிய ஆளில்லாதபடியால் செல்வரட்ணத்தின் வலி நிராகரிக்கப்பட்டது. அறிக்கைப் புத்தகத்திலும் அப்படியே பதியப்பட்டது.

நிராகரிக்கப்பட்ட வலிகளைக் கவனிக்க ஒன்றியத்தில் மருத்துவ உபகுழு என்று ஒன்று இருந்தது. அதன் தலைவி கிளடிஸ் அன்ரி. மருத்துவத்தில் அவவுக்கு இருந்த தகுதி, நீண்ட காலமாக நீரிழிவு நோயாளியாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் செல்வரட்ணத்தை உப்புச் சாக்குகளின் பின்னால் கூட்டிப்போய்த் தன் கைப்பையைத் திறந்தா. உள்ளே ஒரு பார்மசியே இருந்தது.

"இந்த முழங்கால் முதல் எங்க அடிபட்டது?"

"ஊரில, அன்ரி. வள்ளத்தால விழுந்து. இப்ப திருப்பியும் அதிலதான்."

"அப்ப உந்த வலி ஊர் நோ. உதுக்கு இங்கத்தைக் குளிசை கேளாது. ஊர்ப் பனடோல் போடோணும். போன கிழமைதான் ஒராள் கொண்டு வந்தது." இரண்டை எண்ணிக் கையில் வைத்தா. "நாரி?"

"அது இங்க, வெயர்ஹவுசில தொடங்கினது."

"அது கனடா நோ. அதுக்கு ரைலினோல்." இன்னும் இரண்டு. "தோள்மூட்டு?"

"அது போன வருசம் கயிறிழுக்கேக்க."

"உது ஒன்றியத்தின்ர நோ. அதுக்கு இபுபுரோபன்." மண்ணிறத்தில் இரண்டு. "நித்திரை வராட்டி இந்தச் சளி, தடிமன் பாணியில ஒரு மூடி குடியும். மூண்டு வேளையும் போடும், மறந்திடாதையும்."

வலிகளுக்கும் குடியுரிமை உண்டு என்பது செல்வரட்ணத்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் குளிசைக்கு வலி கேட்டுது, சும்மா சொல்லக்கூடாது. அடுத்த சனிக்கிழமை அவர் வானைத் திரும்பவும் வென்றார். அதற்கடுத்த சனிக்கிழமை வானின் பின்பக்க பம்பர் கழன்று அவருடைய மார்பில் வந்து அடித்தது. அதற்கும் கிளடிஸ் அன்ரி குளிசை கொடுத்தா. பம்பர் ஜப்பான்காரனுடையது என்பதால் கொஞ்சம் யோசித்து, ஊர்க் குளிசையில் ஒன்றும் கனடாக் குளிசையில் ஒன்றுமாகக் கொடுத்தா.

வீட்டில் இதைக் கண்டுபிடித்தது மகள் செலீன். குளியலறைத் தட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து பரப்பினாள். இரண்டு பெட்டிகளைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அப்பா, இது ரெண்டும் ஒண்டு. பரசிற்றமோல், அசெற்றமினோபென், சேம் திங்! அங்க ஒரு பேர், இங்க ஒரு பேர். இந்த சிரப்புக்குள்ளயும் அதுதான் கிடக்கு. யூ ஆர் டேக்கிங் இற் த்ரீ டைம்ஸ். உங்கட லிவர் செத்துப்போயிடும்!"

"அது நோவைப் பொறுத்தது, பிள்ளை. முழங்கால் ஊர் நோ..."

"வாட்? லிவருக்கு எந்த ஊர் அப்பா? அதோட இந்த மண்ணிறம் வெறுவயித்தில போட்டா ஸ்ரமக் ப்ளீட் பண்ணும். பெட்டியிலயே இருக்கு, வாசியுங்கோ!"

வேரோனிக்கா குளிசை எல்லாவற்றையும் வழித்துக் குப்பைக்குள் போட்டாள். அன்றிரவு செல்வரட்ணம் வலியில் கட்டிலின் பலகையைக் கடித்தார். விடியமுன் கிளடிஸ் அன்ரிக்குப் போன் எடுத்தார்.

விசயம் அவசரக் கூட்டத்துக்கு வந்தது. இரண்டு குளிசையும் ஒன்று என்று உறுப்பினர் ஒருவரின் மகள் சொல்லித் திரிகிறாள் என்பதே விவாதப் பொருள். மாக்கஸ் கோட்டின் நடுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"அன்பான உறவுகளே! எங்கட ஊர்க் குளிசையும் இங்கத்தைக் குளிசையும் ஒண்டெண்டு சொல்லுறது எங்களை அவமதிக்கிற வேலை. ரெண்டும் ஒண்டெண்டா நாங்கள் எதுக்கு இஞ்ச தனியா ஒரு ஒன்றியம் வைச்சிருக்கிறம்? இண்டைக்குக் குளிசை ஒண்டெண்டு சொல்லுவினம். நாளைக்கு ரெண்டு ஒன்றியமும் ஒண்டெண்டு சொல்லுவினம். அதுக்குப் பிறகு தலைவர் எத்தினை பேர்? ஒராள்! அதை நான் எண்டாலும் தாங்குவன், இந்த மக்கள் தாங்குவினமோ?"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. இரண்டு குளிசையும் வேறு வேறு என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செல்வரட்ணமும் கை உயர்த்தினார். எல்லாரும் உயர்த்தும்போது தான் மட்டும் உயர்த்தாமல் இருப்பது மரியாதையில்லையே. அவருடைய ஈரலுக்கு மட்டும் அந்தத் தீர்மானம் அறிவிக்கப்படவில்லை.

ஒன்றுகூடலுக்கு முந்திய கிழமை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிந்தது. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. கண்ணின் வெள்ளை மெல்ல மஞ்சளாகியது. அதைக் கண்ணாடியில் பார்த்த அன்று செல்வரட்ணத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மரண பயம் வந்தது. கயிற்றை விட்டுவிடுகிறேன் என்று தலைவருக்குச் சொல்லப் போனார்.

மாக்கஸ் அவருடைய கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "மஞ்சள்! எங்கட கொடியின்ர நிறம், எங்கட ரீசேட்டின்ர நிறம். ஒன்றியம் உம்மட உடம்பில ஊறிட்டுது, செல்வரட்ணம்!"

"அண்ணை, எனக்கு ஏலாது. நான் விலகிறன்."

"விலகலாம். ஆர் மறிச்சது? உம்மட நிறையில இன்னொரு நண்டுப்பிட்டியானைக் கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டுத் தாராளமா விலகும். யாப்பில இருக்கு."

அந்த நிறையில் இன்னொரு நண்டுப்பிட்டியான் உலகத்திலேயே ஒருவன்தான் இருந்தான். அவன் யூனியன்வில்காரருக்குக் கடைசி ஆள்.

ஒன்றுகூடல் எற்றோபிக்கோவில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் நடந்தது. காலையில் இருந்தே கொதி வெயில். ஆட்டுக்கறியும் தொட்டுச் சாப்பிடப் பாணும் வந்து மேசையில் இருந்தன. ஆனால் பிரதம விருந்தினர் வந்து கைவைக்காமல் மூடி திறக்கக்கூடாது என்பது மரபு. பிரதம விருந்தினர் ஏதோ ஒரு தேர்தலில் தோற்றவர். அடுத்ததிலும் தோற்கப்போகிறவர், ஆகையால் மிகவும் பிசி. அவர் வரும்வரை கொடி ஏற்றினார்கள், விளக்கு ஏற்றினார்கள், மௌனமாக நின்றார்கள், பிறகு மௌனத்தைப் பற்றி உரையாற்றினார்கள். செல்வரட்ணம் வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றார். கிளடிஸ் அன்ரி வரிசையாகக் குளிசை நீட்டினா: ஊர் நோவுக்கு, கனடா நோவுக்கு, ஒன்றியத்தின் நோவுக்கு. தண்ணீர் முடிந்துபோனதால் சோடாவோடு விழுங்கினார்.

"இஞ்சாருங்கோ, வாங்கோ வீட்ட போவம்," என்று வேரோனிக்கா அவருடைய கையைப் பிடித்தாள். "உங்கட முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு. போவம், உங்களைக் கும்பிடுறன்."

அந்த நேரம் பார்த்து மைக் கரகரத்தது. "இதோ... எங்கள் இரும்புத் தூண்... செல்வரட்ணம்!"

அவருடைய கை அவளுடைய கையில் இருந்து நழுவியது.

நண்டுப்பிட்டியில் வள்ளம் கட்டுகிற முடிச்சு ஒன்று இருக்கிறது. இழுக்க இழுக்க இறுகும், இழுவை நின்றால்தான் கழலும். அந்த முடிச்சைத் தலைவர் தன் கையாலேயே செல்வரட்ணத்தின் இடுப்பில் போட்டார். விசில் ஊதியது. ஒரு பக்கம் எட்டு மஞ்சள், மறுபக்கம் எட்டுப் பச்சை. கயிறு விறைத்தது. முதல் இழுவையிலேயே பச்சைக்காரன் ஒருவன் முன்னால் நின்ற மஞ்சளின் முழங்காலில் உதைத்தான். மஞ்சள் அவனுடைய மூக்கில் தலையால் இடித்தது. இரண்டு பேரும் கயிற்றை விடவில்லை, அதுதான் விசேசம். பற்கள் புல்லில் விழுந்தன. பெண்கள் பக்கத்தில் இருந்து கதிரைகள் பறந்தன. அப்போதுதான் வந்து சேர்ந்த பிரதம விருந்தினர், கலாசாரம் வாழ்கிறது என்று மைக்கில் சொன்னார்.

முடிச்சு இறுகி வயிற்றுக்குள் இறங்கியது. செல்வரட்ணம் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லத்தான் திறந்தார். சொல் வரவில்லை, இரத்தம் வந்தது. கோப்பித்தூள் கரைத்த மாதிரிக் கொஞ்சம், பிறகு சிவப்பாக நிறைய. கயிறு நனைந்தது.

"நடுவர்!" என்று பச்சைத் தலைவர் கத்தினார். "கயிறு வழுக்குது! உது ஃபவுல்!"

"ஃபவுல் இல்லை! தன்ர சொந்த இரத்தம்தான்!" என்று மாக்கஸ் திருப்பிக் கத்தினார். "விடாதை, செல்வரட்ணம்! வரலாறு பார்த்துக்கொண்டு நிக்குது!"

செல்வரட்ணத்தின் கை எப்போதோ விட்டுவிட்டது. முடிச்சுத்தான் விடவில்லை. கயிற்றை யார் முதலில் விடுகிறார்களோ அவர்களுக்குத் தோல்வி, ஆகையால் மற்றப் பதினைந்து பேரில் ஒருவனும் விடவில்லை. முகம் புல்லில் உரச, வாயில் இரத்தம் வடிய, அவர் அரையடி முன்னால் போனார், அரையடி பின்னால் வந்தார். இரண்டு நண்டுப்பிட்டியும் அவரை இழுத்துக்கொண்டே இருந்தன.

வேரோனிக்கா சாப்பாட்டு மேசைக்கு ஓடினாள். வத்தகப்பழம் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்தாள். வழியில் மறித்த செயலாளரின் மூஞ்சியில் ஆட்டுக்கறிச் சட்டியைக் கவிழ்த்தாள். அப்படித்தான் அந்த மூடி பிரதம விருந்தினரின் கைபடாமலே திறக்கப்பட்டது. கணவனுக்கு ஒரு முழம் முன்னால் முழங்காலில் விழுந்து கயிற்றை அறுக்கத் தொடங்கினாள்.

"தங்கச்சி! உங்களுக்கு வாக்கில்லை!" என்று மாக்கஸ் ஓடிவந்தார்.

"எனக்குக் கத்தி இருக்கடா, நாசமாப் போவானே!"

கயிறு அறுந்தது. எட்டுப் பச்சையும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்பக்கம் பறந்து சோடாப் பெட்டிகளுக்குள் விழுந்தார்கள். ஏழு மஞ்சள் முன்னால் குப்புற விழுந்தது. அறுந்த நுனி சவுக்கு மாதிரிச் சுழன்று மாக்கஸின் தோளெலும்பை உடைத்தது. பிறகு, வென்றது யார் என்ற கேள்வி எழும்பியது. அந்தக் கேள்விக்குக் கரண்டியாலும், கதிரையாலும், கொடிக்கம்பத்தாலும், வெற்றிக் கேடயத்தாலும் விடை தேடினார்கள். பொலிஸ் வரும்போது மௌன அஞ்சலிக்கு வைத்த படம் ஒருவருடைய கழுத்தில் மாலையாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில், இரைப்பையில் புண் வெடித்திருக்கிறது, ஈரல் மோசமாக அடிபட்டிருக்கிறது, இன்னும் ஒருநாள் அந்தக் குளிசைகளைப் போட்டிருந்தால் ஆள் இல்லை என்று டொக்டர் சொன்னார். தப்பிவிடுவார் என்றும் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் வேரோனிக்கா அழுதாள். செலீன் அப்பாவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தமிழும் இங்கிலீசும் கலந்து ஒன்றியத்தைத் தூசணத்தால் திட்டினாள்.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கையில் இரண்டு குழாய். தாதி குனிந்து ஏதோ கேட்டாள்.

"அப்பா," என்றாள் செலீன், "ஒண்டில இருந்து பத்துக்குள்ள எவ்வளவு நோகுதெண்டு கேக்கிறா."

செல்வரட்ணம் தாதியைப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "முன்மொழியலாம், பிள்ளை," என்றார், குரல் வெளியே வராமல். "வழிமொழிய ஒருத்தரும் இல்லையே."

"நான் வழிமொழியிறன்!" வேரோனிக்கா கதிரையை விட்டு எழும்பினாள், ஆட்டுக்கறி காய்ந்திருந்த கையை மேலே தூக்கினாள். "பத்து! பத்தெண்டு எழுதச் சொல்லு, பிள்ளை. எந்த யாப்பு மறிக்குதெண்டு நான் பாக்கிறன்."

தாதி பத்து என்று எழுதினாள்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு முனகல் கேட்டது. 'ஒழுங்குப் பிரச்சினை' என்று கத்திப் பழகிய குரல். "ஐயோ... நோகுது... தோள் நோகுது. ஆராவது சொல்லுங்கோவன், எனக்கு நோகுது..."

திரை இடைவெளியால் பார்த்தால், கட்டிலைச் சுற்றி நின்ற நிர்வாகக் குழு தெரிந்தது. தலையில் கட்டு, கையில் கட்டு, மூக்கில் பஞ்சு. ஒருவரும் கை தூக்கவில்லை. கிளடிஸ் அன்ரி கைப்பையை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தா. மற்றவர்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வரட்ணத்துக்குப் பாவமாக இருந்தது. குழாய் ஏற்றிய கையை மெல்ல, மெல்ல மேலே உயர்த்தினார்.

வேரோனிக்கா அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலில் அமத்தினாள்.